திருமலைக்கு வண்டி ஏறிய கதை

திருமலையின் உச்சியில் சக்கரம் உருளத் தொடங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாள் மாட வீதிகளில் மரத்தேர் ஓடுகிறது. விஜயநகர அரசர்கள் காலத்திலேயே அங்கே தேரோட்டம் உண்டு. ஆனால் அடிவாரத்திலிருந்து ஒரு வண்டி மேலே ஏறிச் சேர்ந்தது 1944இல்தான். அதுவரை மலையேறியவை மனிதரின் கால்களும் தோள்களுமே.

கீழ்த்திருப்பதிக்கும் மேல்திருப்பதிக்கும் இடையே முக்கியமான நடைவழிகள் இரண்டு. அலிபிரியிலிருந்து ஏறும் வழிக்கு 3,550 படிகள், சுமார் 9 கி.மீ. தூரம். சந்திரகிரிப் பக்கம் சீனிவாச மங்காபுரத்தை ஒட்டித் தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு, தூரம் குறைந்த செங்குத்தான வழி. அலிபிரி வழியில் படியும் மண்டபமும் அமைத்தவர்களில் மட்லி அரசர்கள் முதன்மையானவர்கள். மலையே ஆதிசேஷன் என்பதால் அதன்மேல் பாதம் படக் கூசி, ராமானுஜர் முழங்காலால் ஏறினார் என்பது வைணவ மரபு. படிகள் மிகவும் செங்குத்தாகும் இடத்துக்குத் தெலுங்கில் மோகாள்ள மெட்டு என்று பெயர். தமிழர்கள் அதை முழங்கால் முறிச்சான் என்றார்கள். ஏறிப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது.

நடக்க முடியாத முதியவர்களையும் நோயாளிகளையும், காசு கொடுக்க வசதி உள்ளவர்களையும் சுமந்தது டோலி. மூங்கில் கழியில் தொங்கும் இருக்கை. முன்னும் பின்னும் ஆட்கள். சமதரையில் எடை இரு பக்கமும் சரிபாதியாகப் பிரியும். படியில் அப்படி இல்லை. ஏறும்போது முன்கழி உயர்ந்து, பாரம் பின்னால் வருபவர் தோளில் சாயும். இறங்கும்போது முன்னால் போகிறவர் அதைத் தாங்க வேண்டும். மேலே பெருமாளுக்குப் படைக்கும் தளிகைக்கு வேண்டிய அரிசியும் பருப்பும்கூட இந்த ஏற்றத்தைத் தாண்டித்தான் போயின. சுமந்தவர்களின் உழைப்பைச் சேர்க்காமல் திருமலையின் வரலாறு முழுமையாகாது.

1801இல் ஆற்காட்டு நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, கோயில் வருமானமும் அதன் மேற்பார்வைக்குள் வந்தது. திருப்பதி வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. கலெக்டர் இருந்தது சித்தூரில். கோயில் நிர்வாகத்தில் அரசு தலையிடக் கூடாது என்ற கருத்து லண்டனில் வலுத்ததும், 1843இல் பொறுப்பு ஹாதிராம்ஜி மடத்தின் தலைவர்களான மகந்துகளிடம் போனது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது.

இதற்கிடையில் ரயில் வந்துவிட்டது. சென்னையிலிருந்து பம்பாய் நோக்கிப் போன அகலப்பாதை 1860களில் ரேணிகுண்டாவைத் தொட்டது. 1876-78 பஞ்சத்துக்குப் பின் திட்டமிடப்பட்ட மீட்டர்கேஜ் பாதை காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, திருப்பதி வழியாகக் கூடூருக்கு 1891இல் ஓடத் தொடங்கியது. பல நாள் நடந்து வந்த யாத்திரிகர் ஒரே பகலில் அடிவாரத்துக்கு வந்து இறங்கினார். அங்கிருந்து மேலே போக மட்டும் பழைய படிதான், பழைய டோலிதான். ரயில் கொண்டுவந்து சேர்த்த கூட்டமே மலைக்குச் சாலை வேண்டும் என்ற தேவையை வளர்த்தது.

1932ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மறு ஆண்டு மகந்துகளின் நிர்வாகத்துக்குப் பதிலாகத் தேவஸ்தானக் குழு அமைந்த பிறகு, சாலை வேலை உருப்பெற்றது. பொறியாளர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவின் ஆலோசனையோடு அமைந்த மலைப்பாதையைச் சென்னை மாகாண ஆளுநர் சர் ஆர்தர் ஹோப் 1944 ஏப்ரல் 10 அன்று திறந்துவைத்தார். நீளம் சுமார் 19 கி.மீ.; கொண்டை ஊசி வளைவுகள் 36. முதலில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஏறின. பிறகு பேருந்துகள் வந்தன.

அது உலகப்போர்க் காலம். பெட்ரோல் கிடைப்பது அரிதாக இருந்ததால், மாகாணமெங்கும் கரியில் ஓடும் பஸ்கள் பெருகியிருந்தன. வண்டியின் பின்புறம் உயரமான இரும்பு உலை. அதில் கரியைப் போட்டு, கைவிசிறியைச் சுற்றி மூட்டம் போட்டால், கிளம்பும் வாயு எஞ்சினுக்குப் போகும். புறப்படவே நேரம் பிடிக்கும். பெட்ரோலின் வலு அதற்கு இல்லை. மேட்டில் திணறினால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். வாகனங்கள் இப்படித் தவித்த நாளில் ஒரு மலையைச் சுற்றிச் சாலை போட்டு முடித்தது சாதாரணக் காரியமல்ல.

முப்பது ஆண்டுகள் ஏற்றமும் இறக்கமும் அந்த ஒரே சாலையில் நடந்தன. 1974இல் இரண்டாம் மலைப்பாதை வந்ததும் புதியது ஏறுவதற்கு, பழையது இறங்குவதற்கு என்று பிரித்தார்கள். வளைவில் எதிரே வண்டி வரும் அச்சம் நீங்கியது. வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: சோதனைச் சாவடியில் தரும் சீட்டில் நேரம் பதிவாகும், ஏற 28 நிமிடமும் இறங்க 40 நிமிடமும் ஆகியிருக்க வேண்டும். முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் அபராதம். மலை மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. 2021 டிசம்பர் தொடக்கத்தில், பெருமழைக்குப் பின் பெரும் பாறைகள் உருண்டு இரண்டாம் பாதையை உடைத்தன.

தேவஸ்தானம் தானே ஓட்டிவந்த பேருந்துகள் 1970களில் மாநிலப் போக்குவரத்துக் கழகத்திடம் போயின. மலைமேல் பக்தர்களை இலவசமாக ஏற்றிச் செல்லும் தேவஸ்தான வண்டிக்குப் பெயர் தர்ம ரதம். 2022 செப்டம்பரில் மின்பேருந்துகள் மலையேறத் தொடங்கின. மலைப்பாதைக்கு அவை பொருத்தமானவை: இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பங்கு மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்புகிறது.

இத்தனை வந்த பிறகும் படிகள் வெறிச்சோடவில்லை. அலிபிரி பாத மண்டபத்தில் பெருமாளின் பாதுகைகளைத் தலையில் தாங்கி வலம் வந்துவிட்டுத்தான் பலர் ஏறத் தொடங்குகிறார்கள். குனிந்து ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டே போகும் பெண்களை எந்த நாளிலும் பார்க்கலாம். 3,550 படிக்கும் அப்படியே. புரட்டாசியில் தமிழ்நாட்டிலிருந்து மஞ்சள் உடையில் நடந்தே வருகிற கூட்டம் தனி. முழங்கால் முறிச்சானுக்குச் சற்று முன்னால் நடைவழி பழைய மலைப்பாதையின் ஓரமாகவே போகிறது. கோவிந்தா என்று கூவிக்கொண்டு ஏறுகிறவர்களின் தோளருகே, மொட்டைத் தலைகள் நிறைந்த பேருந்து ஒன்று மெதுவாகத் திருப்பதிக்கு இறங்கும்.