வளைவுக்குப் பிடி கிடைத்த கதை

திரையில் ஒரு வட்டம் வரைந்தால், வரைகலை மென்பொருள் அதை மையம், ஆரம் என்ற அளவில்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது. வட்டத்தைப் பெரிதாக்கலாம், நீள்வட்டமாக நசுக்கலாம். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் இழுத்து மாங்காய் வடிவாக்க வேண்டுமென்றால், முதலில் அதைப் 'பாத்' ஆக மாற்றியாக வேண்டும். இங்க்ஸ்கேப் மென்பொருளில் அதற்கான விசைகள் ஷிப்ட், கன்ட்ரோல், சி. கோரல்டிராவில் கன்ட்ரோல், கியூ. மாற்றியதும் கோட்டின்மேல் புள்ளிகள் முளைக்கின்றன. புள்ளிகளிலிருந்து கைப்பிடிகள் நீள்கின்றன. இந்தக் கைப்பிடிகள் பிரான்சின் கார் ஆலைகளில் பிறந்தவை.

1950களில் காரின் உடல் வளைவுகளை வரைபடம், அச்சுப்பலகை, மாதிரி உருவம் எனப் பல கைகள் மாற்றி எடுத்துச் சென்றன. ஒவ்வொரு கையிலும் வளைவு கொஞ்சம் நழுவியது. எண்களைக் கொண்டு உலோகத்தைச் செதுக்கும் எந்திரங்கள் வந்தபோது, வளைவையே எண்ணாகச் சொல்லும் வழி தேவைப்பட்டது.

சிட்ரோயன் நிறுவனத்தில் இருந்த இளம் கணிதர் பால் தெ காஸ்தெல்ஜோ 1959இல் அந்த வழியைக் கண்டார். நான்கு புள்ளிகளை வைத்து, அடுத்தடுத்தவற்றை மூன்று கோடுகளால் இணையுங்கள். ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் ஒரு புள்ளி குறித்தால் மூன்று புள்ளிகள். அவற்றை இணைத்து மறுபடி நடுவில் குறித்தால் இரண்டு. இன்னொரு முறை செய்தால் ஒன்று. அந்த ஒன்று வளைவின்மேல் நிற்கும்! நடுவுக்குப் பதில் கால், முக்கால் என விகிதத்தை மாற்றிக்கொண்டே போனால் முழு வளைவும் கிடைத்துவிடும். பள்ளிப் பிள்ளைகூட அளவுகோலை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் வளைவின் இரு முனைகள். இடையிலுள்ள இரண்டும் வெளியே நின்று அதை இழுப்பவை. நாம் திரையில் பிடித்து இழுப்பது அந்த இரண்டைத்தான்.

சிட்ரோயன் இதை வெளியே விடவில்லை. இதற்கிடையே இன்னொரு கார் நிறுவனமான ரெனோவில் 1933 முதல் பணியாற்றிவந்த பொறியாளர் பியேர் பெசியே, 1960களின் தொடக்கத்தில் தானாகவே இதே வளைவை வந்தடைந்தார். அவர் புறப்பட்ட இடம் வேறு: ஒரு பெட்டிக்குள் வளைவை வைத்து, பெட்டியைச் சாய்த்தால் வளைவும் கூடவே சாயும் என்ற யோசனை. சமன்பாடு அறியாத வடிவமைப்பாளரும் வளைவைக் கையாள வேண்டும் என்பதே அவர் கவலை. பெசியே தம் முறையைக் கட்டுரைகளாக வெளியிட்டார். அதனால் வளைவுக்கு அவர் பெயரே நிலைத்தது. தெ காஸ்தெல்ஜோவின் உள்ளறிக்கைகள் 1975இல்தான் வோல்ஃப்காங் போம் என்ற ஜெர்மானியக் கணிதர் கைக்கு வந்தன. வளைவைக் கணக்கிடும் செய்முறைக்கு இன்று தெ காஸ்தெல்ஜோவின் பெயர். முந்திக் கண்டவருக்கு இது குறைவான பங்குதான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கார் ஆலையிலிருந்து அச்சுத் துறைக்கு இந்த வளைவைக் கொண்டுவந்தது அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, 1984இல். 1987இல் அதே நிறுவனத்தின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டர் வந்தது. அதன் 'பென் டூல்' என்ற கருவி வழியாகக் கைப்பிடிகள் ஓவியர் விரலுக்கு எட்டின.

வடிவத்தைப் பாத் ஆக்குவதற்கு ஒரு விலை உண்டு. இந்த வளைவால் துல்லியமான வட்டத்தை வரையவே முடியாது. வட்டத்தின்மேல் நான்கு புள்ளிகள் வைத்து, கைப்பிடியின் நீளத்தை ஆரத்தைப் போல் ஏறக்குறைய 0.5523 மடங்காக வைத்தால் வட்டத்தை மிக நெருங்கலாம். ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் பிழை கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. ஆரம் என்ற எண் காணாமல் போவதுதான் பெரிய இழப்பு. செவ்வகத்தின் மழுங்கிய முனையை இன்னும் கொஞ்சம் மழுக்க, இனி ஒரு எண்ணை மாற்றினால் போதாது. புள்ளி புள்ளியாக நகர்த்த வேண்டும்.

எழுத்துக்கும் இதே கதிதான். பழைய குறியேற்றத் தமிழ் எழுத்துருக்கள் வேறு கணினியில் சிதைந்துவிடும் என்பதால், அச்சகத்துக்கு அனுப்பும் முன் அவற்றைக் 'கர்வ்' ஆக்குவது, அதாவது பாத் ஆக மாற்றுவது, நம் ஊர் டிடிபி தொழிலில் வழக்கம். அதன்பின் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனது தெரிந்தால், தட்டச்சில் திருத்த வழியில்லை. மாற்றாத கோப்பு ஒன்று தனியே இருந்தால் ஒரு நிமிட வேலை.