புங்கனூரும் காஞ்சியும்: சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் இளமைப் பயிற்சி

வெதுருகுப்பம் என்னும் ஊர்ப்பெயரைச் சற்றே பிரித்துப் பார்ப்போம். ‘வெதுரு’ என்பது தெலுங்கில் மூங்கில். பழந்தமிழ்ப் புலவர்கள் ‘வெதிர்’ என்று வழங்கியதும் அதனையே. ‘குப்பம்’ என்றால் சிற்றூர் என்பதை நாம் எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. ஓர் ஊரின் பெயருக்குள்ளேயே இரு மொழிகளும் உடன்பிறந்தாரைப் போலக் கைகோத்து நிற்கின்றன. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட இந்நிலத்தில் பிழைப்பின் பொருட்டுக் குடியேறி வாழும் நமக்கு இஃதொரு நல்ல பாடமாகும்.

எல்லைகள் பலமுறை மாறியுள்ளன. 1911-ஆம் ஆண்டில் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அதனோடு சேர்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தின்பால் வந்தது. வரைபடத்தில் கோடுகள் இங்ஙனம் மாறியபோதும், அக்கோடுகளைப் பொருட்படுத்தாது வளர்ந்த செல்வம் ஒன்றுண்டு. அதுவே இசை. அதற்குச் சான்றாக இம்மாவட்டத்தில் தோன்றிய ஓர் இளைஞரின் கதையை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம். நாம் இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதுவோரேயன்றி இசைப்புலவர் அல்லோம். எனினும் கேட்டறிந்ததையும் படித்தறிந்ததையும் நம் குடும்பத்தாரோடு பகிர்ந்துகொள்வதில் பிழையில்லை.

சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 1898-ஆம் ஆண்டு சூன் 22-ஆம் நாள் புங்கனூரில் பிறந்தார். மலைமேட்டு நிலத்தில் அமைந்த புங்கனூர், அந்நாளில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சமீன்தாரியின் தலைமையூர். குட்டையான பசுவினத்தால் இன்று புகழ்பெற்றிருப்பதும் அவ்வூரே. தந்தையார் பேரய்யா இசையிலும் அரிகதையிலும் வல்லவர். அன்னையார் மொகிலம்மாவும் இசை அறிந்தவர். ஆகவே, தெலுங்கு வழங்கும் ஊரில், தியாகராசரின் கீர்த்தனைகள் வீட்டுப் பேச்சைப் போல ஒலிக்கும் சூழலில் அச்சிறுவர் வளர்ந்தார்.

வீட்டிலேயே இத்துணை வித்தை இருக்க, அவ்விளைஞர் அதனோடு நிறைவுகொண்டு மேடையேறியிருக்கலாம். ஊரார் கைதட்டவும் செய்திருப்பர். ஆனால் அவர் நாடியது ஏறக்குறைய நூறு மைலுக்கு அப்பால், தமிழ் வழங்கும் காஞ்சிபுரத்தில் இருந்த ஓர் ஆசானை. அவரே காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை.

நாயனாப் பிள்ளையின் இயற்பெயரும் சுப்பிரமணிய பிள்ளையே. அவர் பிறந்தது 1889-இல். குருவுக்கும் சீடருக்கும் இடையே ஒன்பது ஆண்டுகளே வேறுபாடு என்பதை வாசகர் நோக்க வேண்டும். தமையன் வயதுடைய ஒருவரின் காலடியில் அமர்ந்து, ‘யாம் அறிந்தது சிறிது’ என்று பணிந்து கற்பதற்குத் தனியொரு மனம் வேண்டும். வயது முதிர்ந்தோரை வணங்குதல் எளிது. ஏறக்குறைய ஒத்த வயதினரிடம் வித்தையை வணங்குதலே அரிது.

நாயனாப் பிள்ளையிடம் கற்க வேண்டியிருந்தது யாது? குறிப்பாகத் தாளம். அவருடைய கச்சேரியை அக்காலத்தார் ‘புல் பெஞ்சு’க் கச்சேரி என்று வேடிக்கையாக வழங்கினர். வயலின், மிருதங்கம் மட்டுமன்றிக் கடம், கஞ்சிரா, முகர்சிங், கொன்னக்கோல் முதலியனவும் சூழ அமர்ந்திருக்கும். நடுவே பாடகர் ஒருவர். பல்லவி என்பது ஒரே ஒரு வரி. அவ்வரியை முதலில் ஒரு காலத்தில் பாடி, பின் இரட்டித்து, மீண்டும் இரட்டித்துப் பாட வேண்டும். தாளத்தின் அளவு மாறலாகாது. பாட்டின் வேகமே மாற வேண்டும். சதுசிரம் நான்கு, திசிரம் மூன்று, கண்டம் ஐந்து, மிசிரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது என அட்சரங்களின் கணக்கு நெஞ்சில் ஓட வேண்டும். கை தாளம் போட, வாய் வேறொரு நடையில் பாட, இறுதியில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். ஓர் இம்மி பிசகினாலும் சுற்றியிருக்கும் அத்துணை பக்கவாத்தியக்காரரும் அறிந்துவிடுவர். இத்தகைய பயிற்சியில் குறுக்குவழி இல்லை என்று சொல்லவும் வேண்டுமோ!

இம்முறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மேல்நாட்டில் பியானோ வாசிப்பில் பேரரசராய் விளங்கிய லிஸ்ட் என்பார் ஹங்கேரி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் 1811-இல் பிறந்தவர். ஒன்பது வயதிலேயே மேடையேறிப் பாராட்டுப் பெற்ற சிறுவர் அவர். ஆயினும் அவர் தந்தையார் 1822-இல் குடும்பத்தோடு வியன்னா நகருக்குப் பெயர்ந்து, பீத்தோவனின் மாணவரான செர்னி என்பாரிடம் மகனைச் சேர்த்தார். சிறுவரின் வாசிப்பில் ஒழுங்கில்லை என்று கண்ட செர்னி, அவரைச் சுர வரிசைகளிலிருந்தே மீண்டும் தொடங்கச் செய்தார், காலப்பிரமாணம் தவறாதிருக்கப் பழக்கினார், ஊதியமும் வாங்கவில்லை. புங்கனூரும் காஞ்சியும் எங்கே, ஹங்கேரியும் வியன்னாவும் எங்கே? ஆயினும் வழி ஒன்றே. ஊரார் கைதட்டலோடு நின்றுவிடாமல் மீண்டும் மாணவராய் அமர்ந்தவரே வித்துவான் ஆகின்றார்.

காஞ்சியில் கற்றவர் நம் சித்தூராரோடு நில்லவில்லை. பிருந்தா, முக்தா சகோதரியர் நாயனாப் பிள்ளையிடம் பாடம் கேட்டனர். அவர் ஆண்டுதோறும் நடத்திய தியாகராசர் விழாவில் அமர்ந்து கேட்டுக் கேட்டே உள்ளத்தில் பல்லவி வேட்கையை வளர்த்துக்கொண்டவர் டி. கே. பட்டம்மாள். நாயனாப் பிள்ளை தெலுங்குக் கீர்த்தனைகளோடு தமிழ்த் திருப்புகழையும் மேடையில் முழங்கியவர். ஆகவே, தெலுங்கு நாட்டு இளைஞருக்குத் தமிழ்ச் சந்தத்தின் அழகும் அங்கே கிட்டியது.

1934-இல் நாயனாப் பிள்ளை காலமானார். அவருக்கு அப்போது ஏறக்குறைய நாற்பத்தைந்து வயதே. தம் குரலை அவர் இசைத்தட்டில் விட்டுச் செல்லவில்லை. ஆதலால் அவருடைய பாணி இனி ஒலிக்க வேண்டுமாயின் சீடர்தம் குரலில்தான் ஒலிக்க வேண்டும். ஏறக்குறைய முப்பத்தாறு வயதினரான சித்தூராரின் தோள்மீது அச்சுமை வந்து அமர்ந்தது. அவர் அதனைத் தாங்கினார். கச்சேரி மேடைகளிலும் இசைத்தட்டுகளிலும் பெயர் பெற்றார். ஆனந்தபைரவியில் அமைந்த ‘மதுரா நகரிலோ’ என்னும் பாடல் அவர் பெயரோடு இணைந்து இன்றும் நாட்டிய மேடைகளில் உலவுகின்றது.

1953-இல் மாநிலம் பிரிந்தது. மறு ஆண்டே, 1954-இல், சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. சித்தூர் யாருக்கு என்ற வழக்கு அனல் பறக்க நடந்த காலத்தில், சித்தூரார் அனைவருக்கும் உரியர் என்று அவ்விருது சொல்லாமற் சொல்லியது. பின்னாளில் திருப்பதியில் தேவத்தானத்தின் இசைக் கல்லூரியில் தலைமை ஏற்றுக் கற்பித்தார். 1975-இல் மறைந்தார். முருகன் புகழைத் தமிழில் உருகிப் பாடிய மதுரை சோமு அவருடைய மாணவரே. தெலுங்கு நாட்டுச் சிறுவர் தமிழ் நாட்டில் பெற்ற கடனை ஒரு தமிழ் மாணவர் வழியாகவே திருப்பித் தந்தார் என்று கொள்ளலாம் அன்றோ!

இனி நம் காலனியை நோக்குவோம். நம் மக்கள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழெழுத்தைக் கூட்டிப் படிக்கத் தயங்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் இல்லையென்று சொல்வதற்கில்லை. அதே வேளையில் ஆண்டு விழா நெருங்கினால், பத்து நாள் பயிற்சியோடு குழந்தையை மேடையேற்றிப் படம் எடுத்துக்கொள்ளும் ஆவல் நம்மனைவர்க்கும் உண்டு. குற்றமென்று கூறோம். ஆயினும் மேடை என்பது பயிற்சியின் பயனே அன்றிப் பயிற்சிக்கு ஈடாகாது. அன்றியும், தெலுங்கு கற்பதால் தமிழ் குன்றாது. இரண்டையும் அரைகுறையாய் விடுவதாலேயே குன்றும்.

ஆகவே நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு மணி நேரத்தை, ஆண்டு முழுதும் தவறாது பயின்ற பிள்ளைகளுக்கென்றே ஒதுக்குவோம். ஒவ்வொரு பிள்ளையும் தமிழில் ஒரு பாடலும் தெலுங்கில் ஒரு பாடலும், எழுத்தறிந்து, பொருளறிந்து, தாளம் தவறாது பாடட்டும். கற்பிக்க முன்வரும் அன்பர், தமிழராயினும் தெலுங்கராயினும், அவரை நம் குருவாக வணங்கி வரவேற்போம். புங்கனூர்ச் சிறுவருக்குக் காஞ்சி திறந்த கதவை, நாமும் நம் பிள்ளைகளுக்குத் திறந்து வைப்போமாக!