இமையில் ஊறும் எண்ணெய்

நீர் வற்றினால் குளம் வறளும். அதுபோலக் கண்ணீர் குறைந்தால்தான் கண் வறளும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், நீர் சுரந்தும் கண் வறளக்கூடும். இவ்வுண்மையைச் சோதனையால் நிறுவ மருத்துவ உலகிற்கு நெடுங்காலம் ஆயிற்று.

ஜெர்மனியின் ஹெல்ம்ஸ்டெட் பல்கலைக்கழகத்தில் ஹைன்ரிக் மைபோம் என்னும் மருத்துவப் பேராசிரியர் இருந்தார். 1638இல் பிறந்த இவர், 1666இல் இமைகளின் நுண்குழாய்களைப் பற்றி இலத்தீன் மொழியில் மடல் வடிவான நூல் ஒன்றை வெளியிட்டார். இமை விளிம்பை ஒட்டி வரிசையாக அமைந்த சுரப்பிகளை அதில் விளக்கினார். அவருக்கு முன்னரே அவற்றைக் கண்டவர் உண்டு. ஆயினும், தெளிவுற விளக்கியவரின் பெயரே நிலைத்தது. மைபோமியச் சுரப்பிகள் எனப்படும் அவை, மேலிமையில் 25 முதல் 40 வரையும் கீழிமையில் 20 முதல் 30 வரையும் உள்ளன.

பெயர் பரவிய அளவிற்கு அவற்றின் பயன் ஆராயப்படவில்லை. 1903இல் ஓட்டோ ஷிர்மர் தாள் துண்டு ஒன்றைக் கீழிமையில் செருகிக் கண்ணீரை அளக்க வழி கண்டார். 1933இல் ஸ்வீடன் நாட்டு ஹென்ரிக் ஷோகிரென், மூட்டுநோயுடன் கூடிய கண் வறட்சியை ஆராய்ந்தார். இருவர் கருத்தும் நீரின் அளவிலேயே நின்றது.

1961இல் மிஷிமா, மோரிஸ் என்னும் இருவர் முயல்களின் கண்களை ஆராய்ந்தனர். பாலின் மேல் ஏடு படிவதுபோல, கண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்து, நீர் ஆவியாகாமல் காக்கிறது என்று காட்டினர். அவ்வெண்ணெயைத் தருவன மைபோமின் சுரப்பிகளே. மைபோமின் நூலுக்கும் இச்சோதனைக்கும் இடையே 295 ஆண்டுகள் கழிந்திருந்தன!

1980இல் கோர்ப், ஹென்ரிக்கஸ் என்போர் இச்சுரப்பிகளின் வாய் அடைபடுவதை விளக்கினர். குழாயின் உட்புறத்தில் உதிரும் தோற்செல்கள், கெட்டிப்பட்ட எண்ணெயுடன் சேர்ந்து வழியை மறிக்கின்றன. முதுமையும் சில தோல் நோய்களும் இதற்குத் துணைபுரியும். திரையை உற்று நோக்கும்போது இமைத்தல் குறைவதால் எண்ணெய் நன்கு பரவாது. உலர்கண் நோய்க்குத் தலையாய காரணம் இக்கோளாறே ஆகலாம் என 2011இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று அறிவித்தது.

இதன் அறிகுறிகள் யாவை? எரிச்சல், மணல் உறுத்துவது போன்ற உணர்ச்சி, இமை விளிம்பில் சிவப்பு, இமைத்தால் தெளியும் மங்கல் ஆகியவை. சிலருக்குக் கண்ணீர் வழிந்தோடும்! வறட்சியால் உறுத்தலுற்ற கண், தற்காப்பாக நீரைச் சொரிகிறது. எண்ணெய்க் காப்பு இன்மையால் அந்நீரும் நிலைப்பதில்லை. ஆகவே, நீர் வழியும் கண் வறண்டிராது என்று முடிவு கட்டுதல் தவறு.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியை, பொறுக்கும் சூட்டில் மூடிய இமைமேல் வைத்தால் உறைந்த எண்ணெய் இளகும். துன்பம் நீடித்தால் கண் மருத்துவரை நாடுக. படிக்கும்போது இடையிடையே இமைக்க மறவாதீர்கள். ஒன்றின் பெயரைப் படித்தவுடன் அதனை அறிந்துவிட்டோம் என்று அமையாமல், அது என்ன செய்கிறது என்றும் கேளுங்கள். அக்கேள்வி தாமதித்தமையால் இமையின் எண்ணெய் நெடுங்காலம் மதிப்பறியப்படாது கிடந்தது.