தேனீயை அரைத்து ஊசி போட்ட காலம்

1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் தேனீப் பெட்டி வளர்ப்பைப் பரப்பினார். அன்றிலிருந்து ரப்பர் தளிர்விடும் பருவத்தில் கொட்டு வாங்காத கை எங்கள் தொழிலில் கிடையாது. கொட்டிய இடத்தில் கொடுக்கை நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு அடுத்த பெட்டியைத் திறப்போம். ஆனால் சிலருக்கு ஒரே கொட்டில் உடம்பு தடித்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் விழுந்துவிடும்.

இதற்கான மருந்தின் கதை விசித்திரமானது. நோய்க்குப் பெயர் வைக்கும் முன்பே மருந்து கைக்கு வந்துவிட்டது. 1901-இல் ஜோகிச்சி டாகாமினே அட்ரினலினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். கடல் சாமந்தியின் நஞ்சை முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்துக் கொஞ்சம் கொடுத்தாலே செத்துப்போவதை போர்ட்டியேவும் ரிஷேவும் கண்டு, 1902-இல் அதற்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயரிட்டார்கள்.

மீண்டும் கொட்டினால் உடம்பு தாங்கும்படி பழக்கும் வைத்தியம்தான் தடம் மாறியது. 1930 முதல் முழுத் தேனீயையும் அரைத்து, சாறெடுத்து ஊசி போட்டார்கள். பலர் பிழைத்தார்கள்; பெருமை ஊசிக்குப் போனது. ஒருமுறை மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களிலும் பலருக்கு அடுத்த கொட்டில் ஒன்றும் ஆகாது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 1950-களில் நியூயார்க்கின் டாக்டர் மேரி லவ்லெஸ் நஞ்சுப்பையை மட்டும் பிரித்து மருந்தாக்கினார். அவர் பேச்சு எடுபடவில்லை.

1978-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் லிக்டன்ஸ்டைன் குழு கொட்டினால் மோசமாகப் பாதிக்கப்படுபவர்களை மூன்று அணியாகப் பிரித்து, ஊசிகள் போட்டபின் மருத்துவர் கண்காணிப்பில் பூச்சியைக் கொட்டவிட்டுப் பார்த்தது. வெற்று ஊசி போட்ட 12 பேரில் 7 பேருக்குப் பாதிப்பு. அரைத்த சாறு போட்ட 11 பேரிலும் 7 பேருக்கு. நஞ்சு போட்ட 18 பேரில் ஒருவருக்குத்தான். மறு ஆண்டே அமெரிக்காவில் நஞ்சு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இந்த நஞ்சை எடுப்பதும் பெட்டியருகேதான்: லேசான மின்சாரம் ஓடும் கம்பிகள் மேல் தேனீ உட்கார்ந்ததும் கொட்டும், அடியிலுள்ள கண்ணாடியில் நஞ்சு காய்ந்து பொடியாகும்.

அரைத்த சாறு ஒழிய அரை நூற்றாண்டு ஆனது. சுண்ணாம்பு தடவுவதும் அரிப்பு மாத்திரை விழுங்கிக் காத்திருப்பதும் எங்களிடம் இன்னும் ஒழியவில்லை. மூச்சு முட்டினால் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. சீசனுக்கு முன்பே, முன்பு பாதிக்கப்பட்டவர் யார், ராத்திரியிலும் ஊசி போடும் ஆஸ்பத்திரி எது என்று விசாரித்து வைப்பதும் புகைப்பான் வாங்குவதுபோல் தொழிலில் சேர்ந்ததே.