முத்திரை நவாபுடையது

காஞ்சிபுரத்துக்கு வடக்கே, புள்ளலூர் வயல்களுக்கு நடுவே இரண்டு வெள்ளைக்காரக் கல்லறைகள் நிற்கின்றன. 1781 ஆகஸ்டில் மைசூர் ஹைதர் அலியோடு நடந்த போரில் மாண்ட அதிகாரிகள் அங்கே கிடக்கிறார்கள். அதற்கு முந்தைய செப்டம்பரில் இதே ஊரில்தான் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படை ஹைதரிடம் அழிந்தது. காஞ்சியில் இருந்த இன்னொரு தளபதி ஹெக்டர் மன்றோ, பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.

அன்று இந்தச் சீமைக்கு அரசர் யார்? பெயருக்கு ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. 1749-இலிருந்து அவரைத் தாங்கிப் பிடித்தது கிழக்கிந்தியக் கும்பினி. ‘பொம்மை நவாப்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டத்து அரசரிடம் அதிகாரமே கிடையாது என்ற பேச்சு இன்றும் உண்டு. ஆனால் அரச குடும்பத்தின் நலனைத் தொடும் மசோதாவுக்கு பிரிட்டனில் இன்றும் மன்னரின் முன்சம்மதம் கேட்கிறார்கள்.

1763-இல் காஞ்சி அடங்கிய செங்கல்பட்டுச் சீமையை நவாப் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கும்பினி அதை அவருக்கே குத்தகைக்கு விட்டது. 1780 வரை இப்படியே ஓடியது. களத்துமேட்டில் அரசுப் பங்கான மேல்வாரத்தை அளக்க வந்தவன் யாருடைய ஆள்? உழுதவன் எந்த வாசலில் போய் முறையிடுவான்?

நவாபிடம் மிஞ்சியது முத்திரை. அது போதுமானதாக இருந்தது. கும்பினி உத்தியோகஸ்தர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் அவருக்குக் கடன் கொடுத்தார்கள். தொடக்கத்தில் நூற்றுக்கு இருபதுக்கும் மேல் வட்டி. ஈடாக எழுதிக்கொடுத்தது ஊர்களின் வரியை. 1773-இல் நவாப் கும்பினிப் படையைக் கொண்டே தஞ்சாவூரைப் பிடித்தார்; அந்த விளைச்சலும் ஈட்டுக்குப் போனது. 1776-இல் கும்பினியின் சென்னை கவர்னர் பிகட் தஞ்சையை மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோது, வயலில் நிற்கும் நெல் தனக்கு ஈடு என்று பால் பென்ஃபீல்டு என்ற கும்பினி ஊழியர் வந்து நின்றார். அந்தக் கோரிக்கையின் பக்கம் நின்ற கவுன்சிலே தன் கவர்னர் பிகட்டைச் சிறைபிடித்தது. 1777-இல் காவலிலேயே இறந்தார். நவாபின் முத்திரைக்கு அவ்வளவு வலு இருந்தது.

1785-இல் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் கொதித்துப் பேசியும், விசாரணை இல்லாமலே நவாபின் பழைய கடன்கள் ஏற்கப்பட்டன. 1801-இல் கும்பினி நவாபின் ஆட்சியை எடுத்துக்கொண்டது. 1805-இல் அமைந்த ஆணையத்தின் முன் வந்த மீதிக் கடன் கோரிக்கைகள் 3 கோடி பவுண்டுக்கு மேல். உண்மை என்று ஏற்றது ஏறத்தாழ 27 லட்சம். விசாரிக்காமல் ஏற்ற அந்தப் பழைய கடனை, அதற்கு முன்பே, ஹைதர் படை எரித்தது போக மிஞ்சிய ஆற்காட்டுச் சீமை ஊர்களின் வரியிலிருந்து வட்டியோடு அடைத்து முடித்திருந்தார்கள்.