மூன்று வருடச் சான்றிதழ்

தென்காசி, இலஞ்சி, மேலகரம் பக்கம் இப்போது பல வீடுகளில் பேரனோ பேத்தியோ ஏதாவது ஒரு ‘சர்டிபிகேஷன்’ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன படிப்பு என்று கேட்டால், “நெட்வொர்க் விர்ச்சுவலைசேஷன் தாத்தா, அப்புறம் லோட் பேலன்சிங்” என்று பதில் வரும். அதற்கு மேல் கேட்க நமக்குத் தயக்கம். விளக்கிச் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. ஆனால் பரீட்சைக் கட்டணம் நம் பென்ஷனிலிருந்து போகும்போது, அது என்ன சமாச்சாரம் என்று தெரிந்துகொள்வதில் தப்பில்லையே. இதன் சரித்திரத்தைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஆபீஸ் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இதில் புரியாத விஷயம் அதிகம் இல்லை.

முதலில் விர்ச்சுவலைசேஷன். 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. ஒரு வீடு நகரவில்லை, ஒரு வயல் நகரவில்லை. எந்த அரசாங்கத்துக்கு மனுப் போடுவது என்பது மட்டும் மாறியது. 2019 நவம்பர் 22-ஆம் தேதி திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமானபோதும் அப்படித்தான். சிற்றாறு அதே வழியில்தான் ஓடியது. கோப்புகள் மட்டும் பிரிந்தன. தரையில் இருப்பதைத் தொடாமல், அதன் மேல் வேறொரு எல்லையைக் காகிதத்தில் வரைவது. கம்ப்யூட்டர் கம்பிகளின் மேல் இதைச் செய்தால் அதுதான் நெட்வொர்க் விர்ச்சுவலைசேஷன். ஒரே கம்பிகளில் வங்கியின் போக்குவரத்தும் ஆஸ்பத்திரியின் போக்குவரத்தும் ஒன்றையொன்று பார்க்காமல் போகும்.

இந்த எண்ணம் பழையது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்தப் பக்கத்துக் கதையையும் தேடிப் படித்தேன். 1970-களில் பிரான்சில் இரண்டு கோஷ்டிகள். லூயி பூசான் என்பவர் ‘சிக்லாத்’ என்ற ஆராய்ச்சி வலையமைப்பைக் கட்டினார். செய்தியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் முகவரி எழுதிவிட்டால் அது தன் வழியைப் பார்த்துப் போய்விடும். சேர்த்து அடுக்கும் வேலை வாங்குபவனுடையது என்பது அவர் கட்சி. தபால் தந்தி இலாகா இதை ஏற்கவில்லை. இரண்டு முனைகளுக்கும் நடுவே டெலிபோன் மாதிரி ஒரு பாதை இருக்க வேண்டும், ஆனால் தனிக் கம்பி வேண்டாம், இருப்பதாக வைத்துக்கொண்டால் போதும் என்றது. அதற்கு ‘சிர்க்யுய் விர்த்யுவெல்’ என்று பெயர். இலாகாவின் ‘டிரான்ஸ்பாக்’ 1978-ல் தொடங்கியது. அதன் மேல்தான் பிரெஞ்சு வீடுகளில் மினிடெல் பெட்டிகள் ஓடின. சிக்லாத்துக்குப் பணம் நின்றுபோனது. ஆனால் பிறகு வந்த இன்டர்நெட், பூசானின் வழியைத்தான் பின்பற்றியது. மினிடெல் சேவை 2012 ஜூன் 30-ஆம் தேதி மூடப்பட்டது. அடுத்த வருடம், 2013-ல், பூசானுக்கு வேறு நால்வரோடு சேர்த்து இங்கிலாந்தின் எலிசபெத் ராணி பொறியியல் பரிசு கிடைத்தது.

1998-ல் ‘வி-லான்’ என்ற ஏற்பாட்டுக்குப் பொது விதி எழுதப்பட்டது. நாம் ஒவ்வொரு கடிதத்துக்கும் ந.க. எண் போடுவோமே, அதுபோல ஒவ்வொரு செய்தித் துண்டுக்கும் ஓர் எண் போட்டுப் பிரிவுகளைத் தனித்தனியாக வைப்பது. சிக்கல் என்னவென்றால் அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் சின்னது; 4,094 பிரிவுகளுக்கு மேல் போக முடியாது. அன்றைக்கு அது தாராளமாகப் பட்டது. பிறகு விஎம்வேர் போன்ற கம்பெனிகள் ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரங்களாகக் காட்டும் மென்பொருளைக் கொண்டுவந்தன. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே கட்டடத்தில் வைக்கும் காலம் வந்ததும் எண்கள் போதவில்லை. 2014-ல் விவரம் வெளியான ‘விஎக்ஸ்லான்’ முறையில் சுமார் 1 கோடியே 60 லட்சம் பிரிவுகள் வரை வைக்கலாம். கடிதத்தை உறையோடு இன்னொரு பெரிய உறைக்குள் போட்டு அனுப்புவதுதான் அதன் சூட்சுமம். வெளி உறையின் முகவரியைப் பார்த்து வழியில் உள்ளவர்கள் அனுப்பிவைப்பார்கள். உள் உறையைப் பிரிப்பவர் போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர்.

இந்த வேலையை முழுக்க மென்பொருளிலேயே செய்யலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் ஸ்டான்போர்டில் படித்த மார்ட்டின் கசாடோ. அவரும் இரு பேராசிரியர்களும் 2007-ல் தொடங்கிய ‘நிசிரா’ கம்பெனியை விஎம்வேர் 2012-ல் சுமார் 126 கோடி டாலருக்கு வாங்கியது. அதிலிருந்து வந்ததுதான் பேரப்பிள்ளைகள் சொல்லும் ‘என்எஸ்எக்ஸ்’.

அடுத்தது லோட் பேலன்சிங். இதற்கு ஐந்தருவிக்குப் போனால் போதும். மேலே ஒரே ஓடை. விழும்போது ஐந்து கிளை. கீழே கூட்டமும் பிரிந்து நிற்கிறது, ஆண்களுக்குச் சில, பெண்களுக்குச் சில என்று. தண்ணீர் அதிகமாகிப் பேரருவியில் குளிக்கத் தடை போட்டால், போலீஸ்காரர் வரிசையை அங்கே விடாமல் திருப்பி அனுப்புகிறார். லோட் பேலன்சர் செய்வதும் இதுவே. வருகிற வேலையைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். எந்த சர்வர் உயிரோடு இருக்கிறது என்று அடிக்கடி தட்டிப் பார்க்கும். பதில் சொல்லாததற்கு ஆள் அனுப்பாது.

இதன் கணக்கைத் தொடங்கி வைத்தவர் டென்மார்க்கின் எர்லாங். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த அவர், எத்தனை பேர் பேசுவார்கள், எத்தனை லைன் வேண்டும் என்பது பற்றி 1909-ல் கட்டுரை எழுதினார். 1990-களில் இணையதளங்கள் பெருகியபோது, எஃப்-5 போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் இதற்கென்றே விலை உயர்ந்த பெட்டிகளை விற்றன. 2001-ல் வில்லி தரோ என்ற பிரெஞ்சுக்காரர் ‘ஹெச்ஏ-பிராக்ஸி’ என்ற மென்பொருளை வெளியிட்டு இலவசமாகவே கொடுத்தார். பெட்டி வாங்காமல் சாதாரண இயந்திரத்திலேயே அந்த வேலை நடந்தது. 2012-ல் தொடங்கிய ‘அவி நெட்வொர்க்ஸ்’ மென்பொருள் வழியைப் பெரிய அளவில் கொண்டுபோனது. அதையும் 2019-ல் விஎம்வேர் வாங்கியது.

இனி பரீட்சைக்கு வருவோம். பிரெஞ்சில் பரீட்சைக்கு இரண்டு சொல் உண்டு. ‘எக்ஸாமேன்’ என்றால் குறித்த மதிப்பெண் எடுத்த எல்லோரும் பாஸ். ‘கோன்கூர்’ என்றால் இருக்கும் இடங்களுக்குத் தக்கபடி மேலே உள்ளவர்களை மட்டும் எடுப்பது. சென்னை மாகாணத்தில் 1929-லேயே சர்வீஸ் கமிஷன் வந்துவிட்டது. அதன் வழியில் வந்த குரூப் தேர்வுகள் கோன்கூர். வேலைக்குச் சேர்ந்தபின் பதவி உயர்வுக்காக நாம் எழுதிய அக்கவுண்ட் டெஸ்ட் போன்ற துறைத் தேர்வுகள் எக்ஸாமேன். கம்ப்யூட்டர் கம்பெனிகளின் சர்டிபிகேஷனும் எக்ஸாமேன்தான். எவ்வளவு பேர் வேண்டுமானாலும் பாஸ் செய்யலாம். அதனால் எல்லோர் கையிலும் அது வந்ததும் மதிப்பு இறங்கும்.

1990-களின் தொடக்கத்தில் நோவெல் என்ற கம்பெனியின் ‘சிஎன்இ’ பட்டத்துக்கு உலகம் முழுக்க ஏக கிராக்கி. புத்தகத்தை மனப்பாடம் செய்து பாஸ் செய்தவர்கள் பெருகியதும், ‘காகித சிஎன்இ’ என்று கேலிப் பெயர் வந்தது. பிறகு விண்டோஸ் வந்து நோவெலின் சந்தையைப் பிடித்துக்கொள்ள, பட்டமும் மங்கிப்போனது. 1993-ல் சிஸ்கோ தொடங்கிய ‘சிசிஐஇ’ வேறு மாதிரி. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து வலையமைப்பைக் கட்டிக் காட்ட வேண்டும். பட்ட எண்கள் 1024-ல் தொடங்கின. அந்த முதல் எண்ணை ஆய்வுக்கூடத்துக்கே கொடுத்துவிட்டு, மனிதர்களுக்கு 1025-லிருந்து கொடுத்தார்கள். செய்து காட்டும் பரீட்சை என்பதால் இன்றும் அதற்கு மரியாதை. ஆனாலும் சிஸ்கோ சான்றிதழ்களுக்கு இப்போது ஆயுள் மூன்று வருடம்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும். நம் அக்கவுண்ட் டெஸ்ட்டை ஒரு தடவை பாஸ் செய்தால் ரிட்டயர் ஆகும்வரை கேள்வியே இல்லை.

புதுப்பிப்பது கூடப் பரவாயில்லை, கம்பெனியே கைமாறினால்? தென்காசி மாவட்டம் பிறந்து சரியாக நாலு வருடம் கழித்து, 2023 நவம்பர் 22-ஆம் தேதி, விஎம்வேரை பிராட்காம் வாங்கி முடித்தது. ஒரு தடவை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனையை அடுத்த மாதமே நிறுத்தினார்கள். இனி சந்தா மட்டும்தான் என்றார்கள். பல வாடிக்கையாளர்கள் வேறு மென்பொருள் தேடக் கிளம்பினார்கள். அவியின் பெயரையே பாருங்கள்: விஎம்வேர் வாங்கியதும் ‘என்எஸ்எக்ஸ் அட்வான்ஸ்டு லோட் பேலன்சர்’ ஆனது, பிறகு மறுபடி அவி என்றே ஆனது. எந்தத் திரையில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று மட்டும் படித்த பையனுக்கு இது பெரிய அடி. உறைக்குள் உறை எப்படிப் போகிறது, எர்லாங்கின் கணக்கு என்ன சொல்கிறது என்று படித்தவனுக்கு ஒரு வாரத் தலைவலி, அவ்வளவுதான்.

இதற்கு நேரெதிர் வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. மத்தளம்பாறையில் 2011-ல் அலுவலகம் திறந்த சோஹோ, 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்தது வலையமைப்புகளை மேற்பார்வை செய்யும் மென்பொருள்தான். அவர்கள் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்துத் தாங்களே கற்றுக்கொடுக்கிறார்கள். பட்டம் கேட்பதில்லை. எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்காது என்பதும் உண்மை. சென்னையிலோ பெங்களூரிலோ விண்ணப்பம் போடும் பிள்ளைக்கு, நூறு பேர் கட்டில் தன் பெயரை மேலே கொண்டுவர ஒரு சான்றிதழ் உதவத்தான் செய்யும். அதனால் எழுத வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பணம் கட்டும் முன் பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள் என்பேன். இந்தக் கம்பெனியை நாளைக்கு வேறொருவர் வாங்கிவிட்டால் நீ படித்ததில் எது மிஞ்சும்? இதை வீட்டுக் கம்ப்யூட்டரில் இலவச மென்பொருளை வைத்துச் செய்து காட்ட முடியுமா? இரண்டுக்கும் தெளிவாகப் பதில் வந்தால் கட்டணத்தைத் தாராளமாகக் கட்டலாம். வராவிட்டால், இன்னும் மூன்று மாதம் அடிப்படையைப் படித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். பரீட்சைக்கு அவசரமில்லை. வருஷம் முழுக்க நடத்துகிறார்கள்.