பக்தவத்சலம் ஆட்சி (1963–1967): பதவி இழந்த முதலமைச்சர் பற்றிய விவாதம்

மீஞ்சூர் பக்தவத்சலம் (1897–1987) 1963 அக்டோபர் 2 முதல் 1967 மார்ச் 6 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர். இன்றைய தமிழ்நாட்டை ஆண்ட கடைசிக் காங்கிரஸ் முதலமைச்சரும் அவரே. அவருடைய மூன்றரை ஆண்டு ஆட்சியில் தனுஷ்கோடிப் புயல், இந்தி எதிர்ப்புப் போராட்டம், அரிசித் தட்டுப்பாடு என மூன்று நெருக்கடிகள் அடுத்தடுத்து வந்தன. 1967 தேர்தலில் ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில் அவரே தோற்றார். அவர் செய்தது சரியா, தவறா என்ற வழக்கு அன்று தொடங்கி இன்னும் முடியவில்லை.

ஸ்ரீபெரும்புதூரும் காஞ்சிபுரமும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அவருக்குப் பின் பதவியேற்ற தி.மு.க.வின் சி. என். அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் பிறந்தவர். பக்தவத்சலம் பிறந்த நசரேத்பேட்டையும் பூந்தமல்லியை ஒட்டி, காஞ்சிபுரம் செல்லும் சாலையில்தான் இருக்கிறது. பதவியை விட்டவர், பெற்றவர் இருவருமே ஒரே மாவட்டத்துக்காரர்கள் என்பதால் 1967 தேர்தலை இந்த வட்டாரத்திலிருந்து பார்ப்பது பொருத்தமானது.

பின்னணி

பக்தவத்சலம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். ராஜாஜி தலைமையில் 1930-இல் நடந்த வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் பங்கேற்றார்; வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை சென்றார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் பொதுப்பணித் துறையைக் கவனித்தார். 1952 தேர்தலில் தோற்றார். 1957-இல் ஸ்ரீபெரும்புதூரில் வென்று காமராஜர் அமைச்சரவையில் உள்துறை அமைச்சரானார். கட்சிப் பணிக்குப் போவதற்காக காமராஜர் பதவி விலகியபோது நாற்காலி இவரிடம் வந்தது.

இவருடைய பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருந்தன. கோப்பைப் படித்து, சட்டப் பிரிவைப் பார்த்து, முடிவெடுத்துவிட்டால் பின்வாங்காதவர். காமராஜரிடம் கூட்டத்தின் நாடி பிடித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. இவரிடம் அது இல்லை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறை நினைவிடம் எழுப்பும் கோரிக்கையை முதலில் இவர் மறுத்தார். நினைவிடத்துக்காக முயன்ற ஏக்நாத் ரானடே 323 நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையெழுத்தைத் திரட்டிய பிறகே 1964-இல் சிறிய அளவில் கட்ட இசைந்தார். அந்த விவகாரத்தில் வளைய முடிந்தவர், மொழி விவகாரத்தில் ஏன் வளையவில்லை என்று கேட்கலாம். கையெழுத்து வாங்கி வந்தவர்கள் எதிர்க்கட்சியும் அல்ல, தெருவில் நின்ற மாணவர்களும் அல்ல என்பது ஒரு விடையாக இருக்கக்கூடும்.

புயல்

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் கடலோடு போயிற்று. பாம்பன் பாலத்தின் பெரும் பகுதி சிதைந்தது. பாலத்தைச் சீராக்கும் பொறுப்பு ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் வந்தது, 46 நாளில் வேலை முடிந்தது. தனுஷ்கோடி மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று மாநில அரசு அறிவித்தது. உயிரிழப்பு பெரிது. ஆனாலும் அது இயற்கையின் சீற்றமாகவே பார்க்கப்பட்டதால் முதலமைச்சர் மீது யாரும் பெரிதாக விரல் நீட்டவில்லை. பாலத்தில் வேலை நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே மாநிலம் வேறொரு தீயில் எரியத் தொடங்கிவிட்டது.

மொழிப் போராட்டம்

அரசியலமைப்பின் 343-ஆம் பிரிவு ஆங்கிலத்துக்குக் கொடுத்த பதினைந்து ஆண்டுக் கெடு 1965 ஜனவரி 26-இல் முடிந்தது. அதற்குப் பிறகும் ஆங்கிலம் தொடர ‘லாம்’ என்று 1963-இல் ஆட்சிமொழிச் சட்டம் சொன்னது. ‘வேண்டும்’ என்று சொல்லவில்லை. அண்ணாதுரை மாநிலங்களவையில் இதை எடுத்துப் பேசினார். நேரு உயிரோடு இருந்தவரை அவருடைய வாக்குறுதி ஓரளவு அச்சத்தைத் தணித்தது. 1964 மே மாதம் அவர் மறைந்ததும் அந்த நம்பிக்கை தளர்ந்தது.

சட்டம் டெல்லியுடையது, கெடுவும் டெல்லியுடையது. மாநில முதலமைச்சரை எப்படிக் குறை சொல்வது என்பது பக்தவத்சலத்தின் ஆதரவாளர்கள் வைக்கும் முதல் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் 1964 மார்ச்சிலேயே தமிழ், ஆங்கிலம், இந்தி என்ற மும்மொழித் திட்டத்தைச் சட்டமன்றத்தில் முன்வைத்தவர் அவர். அதற்கு ஒன்றரை மாதத்துக்கு முன்னர்தான், ஜனவரி 25-இல், கீழப்பழுவூர் சின்னசாமி இந்தியை எதிர்த்துத் திருச்சியில் தீக்குளித்து இறந்திருந்தார். எந்த நேரத்தில் எதைப் பேசுவது என்ற கணக்கில் இது பெரும் பிழை. துப்பாக்கிச் சூட்டைவிட இந்தத் தேர்வே அவர் மீது அதிகப் பழி சுமத்தத்தக்கது என்று இக்கட்டுரை கருதுகிறது.

1965 குடியரசு நாளைத் துக்க நாளாகக் கொள்ளப்போவதாகத் தி.மு.க. அறிவித்தது. அதன் தலைவர்களை அரசு முன்கூட்டியே கைது செய்தது. ஜனவரி 25-இல் மதுரையில் மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் மோதல் மூண்டது. அங்கிருந்து கலவரம் மாநிலம் முழுக்கப் பரவியது. கோடம்பாக்கம் சிவலிங்கம் 26-இலும், விருகம்பாக்கம் அரங்கநாதன் 27-இலும் தீக்குளித்தனர். 27-ஆம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியானார்.

கோட்டையில் இருந்தவர்கள் இதைத் தி.மு.க. தூண்டிவிட்ட கலகமாகவே கண்டார்கள். கட்சித் தலைவர்களைச் சிறையில் போட்டால் தெரு அடங்கிவிடும் என்பது அந்தப் பார்வையின் இயல்பான முடிவு. தெருவிலோ மாணவர்கள் தனியே குழு அமைத்துக்கொண்டு நின்றார்கள். கட்சி சொல்லி வரவில்லை, கட்சி சொன்னால் போகவும் மாட்டார்கள். பேச்சு நடத்தக்கூடிய பெரியவர்கள் உள்ளே, பேசத் தயாராக இல்லாத இளைஞர்கள் வெளியே என்ற நிலையை அரசே உண்டாக்கிக்கொண்டது. சீனப் போரின்போது வந்த இந்தியப் பாதுகாப்பு விதிகள் அப்போதும் கையில் இருந்தன, பிப்ரவரியில் மு. கருணாநிதி அந்த விதிகளின்படி கைதாகிப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார்.

பிப்ரவரி 11-இல் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். அளகேசன் செங்கல்பட்டுத் தொகுதியின் மக்களவை உறுப்பினர்; முதலமைச்சரின் சொந்த மாவட்டத்திலிருந்து, சொந்தக் கட்சியிலிருந்து எழுந்த குரல் அது. அன்றிரவே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் வாக்குறுதி காக்கப்படும் என்றார். அதற்கு முன்பே காமராஜரும் வேறு சில மாநிலத் தலைவர்களும் பெங்களூரில் கூடி, இந்தியைத் திணிப்பதில் அவசரம் கூடாது என்றிருந்தனர். கட்சியின் அகில இந்தியத் தலைவரே வேறு பக்கம் சாய்ந்துவிட்டார். முதலமைச்சர் தம் நிலையிலேயே நின்றார்.

பிப்ரவரி 12-இல் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது, ராணுவம் வந்தது. திருப்பூரில் காவல் அதிகாரிகள் இருவர் கூட்டத்தால் எரித்துக் கொல்லப்பட்டனர். சட்டம் ஒழுங்கு நடவடிக்கையை நியாயப்படுத்துகிறவர்கள் இன்றும் திருப்பூரைத்தான் சுட்டுவார்கள். போராட்டத்தில் இறந்தவர்கள் சுமார் 70 பேர் என்பது அரசுக் கணக்கு. மற்றவர்கள் சொல்லும் எண்ணிக்கை பல நூறு. பெரியார் இந்தப் போராட்டத்தைக் கண்டித்து, அரசு இன்னும் கடுமையாக நடக்க வேண்டும் என்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1938-இல் இந்தி எதிர்ப்பின் முகமாக இருந்தவர் அரசின் பக்கம். அன்று இந்தியைப் பள்ளிகளில் கொண்டுவந்த ராஜாஜி எதிர்ப்பாளர் பக்கம். தமிழக அரசியல் இதுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய ஆண்டு வேறொன்று இல்லை.

அரிசி

மொழிப் போராட்டம் பட்டினத்துத் தெருக்களில் நடந்தது என்றால், அரிசிப் பஞ்சம் அடுப்பங்கரை வரை வந்தது. 1964–65-இல் இந்தியாவின் உணவு தானிய விளைச்சல் சுமார் 8.9 கோடி டன். அடுத்த ஆண்டு மழை பொய்த்து 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. அடுத்த பருவமும் கைகொடுக்கவில்லை. பீகாரில் பஞ்சம். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடே காத்திருந்தது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு, 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ஆனது. இவற்றில் எதுவும் ஜார்ஜ் கோட்டையில் எடுத்த முடிவு அல்ல.

காஞ்சிபுரம் போன்ற ஊரில் இந்தத் தட்டுப்பாடு எப்படி உறைக்கும் என்பதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டில் குழித்தறி இருக்கும், நெற்குதிர் இருக்காது. பட்டு நூலையும் ஜரிகையையும் முதலாளியிடமோ சங்கத்திடமோ வாங்கி, பாவு ஓட்டி, புடவையை அறுத்துக் கொடுத்த பிறகுதான் கூலி கைக்கு வரும். அரிசி விலை வாரத்துக்கு வாரம் ஏறும். கூலி அப்படி ஏறாது. உழவருக்காவது களத்து நெல்லில் ஒரு பங்கு வீட்டுக்கு வரும். தறிக்காரருக்குக் கடை அரிசியைத் தவிர வேறு வழியில்லை. கைத்தறி தேங்கிக் கிடந்த 1953-இல் அண்ணாதுரையும் அவர் தோழர்களும் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருவில் விற்றது நெசவாளர் நினைவில் இருந்த செய்தி.

அரசு கையைக் கட்டிக்கொண்டும் இருக்கவில்லை. இந்திய உணவுக் கழகத்தின் முதல் அலுவலகம் 1965 ஜனவரி 14-இல் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் 1965-இல் வெளிவந்தது. விதையின் பலன் அறுவடையாக வர ஆண்டுகள் பிடிக்கும், தேர்தலோ 1967 பிப்ரவரியில். அதற்குள் பக்தவத்சலத்தின் பெயரையும் அரிசி விலையையும் எதுகையில் கட்டிய முழக்கம் சந்துபொந்தெல்லாம் பரவியிருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது தி.மு.க. மெட்ரிக் அளவை கட்டாயமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தும் அவர்கள் கிலோவைப் பேசவில்லை. தாய்மார்களின் கை அறிந்த அளவு படிதான்.

தேர்தல்

1962-இல் அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் காங்கிரஸ் வேட்பாளர் எஸ். வி. நடேச முதலியாரிடம் தோற்றிருந்தார். ஐந்தே ஆண்டில் காற்று முற்றிலும் திரும்பியது. 1967-இல் காஞ்சிபுரம் தி.மு.க.வுக்குப் போனது. ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சரை டி. ராஜரத்தினம் வென்றார். இதே மாவட்டத்துப் பரங்கிமலையில், ஜனவரி 12-இல் நடிகர் எம். ஆர். ராதாவால் சுடப்பட்ட தி.மு.க. வேட்பாளர் எம். ஜி. ஆர். மருத்துவமனையில் இருந்தபடியே ஜெயித்தார்; கழுத்துக் கட்டோடு அவர் படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டிருந்தது. விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்த பெ. சீனிவாசன் 1965 மாணவர் போராட்டத் தலைவர்களில் ஒருவர். மாநில அமைச்சர்களில் பூவராகன் ஒருவரே தப்பினார்.

மொத்தம் 234 இடங்களில் தி.மு.க. 137, காங்கிரஸ் 51. வாக்குக் கணக்கு வேறு கதை சொல்கிறது: காங்கிரசுக்கு 41.10 விழுக்காடு, தி.மு.க.வுக்கு 40.69. தனிக் கட்சியாக எண்ணினால் தோற்ற கட்சிக்கே வாக்கு அதிகம். ராஜாஜியின் சுதந்திராக் கட்சி முதல் மார்க்சிஸ்ட் கட்சி வரை எதிர்ப்பு வாக்குகளை ஒரே பக்கம் குவித்த கூட்டணிதான் இடங்களைப் புரட்டியது. மக்கள் பக்தவத்சலத்தைத் தூக்கி எறிந்தார்கள் என்று மேடையில் சொல்வது எளிது. 1962-இல் 46 விழுக்காடு பெற்ற கட்சி இரண்டு வறட்சிக்கும் ஒரு போராட்டத்துக்கும் பிறகு ஐந்து புள்ளிகள் மட்டுமே இழந்தது என்பதற்கு மேடைகளில் இடம் கிடைப்பதில்லை.

தோல்விக்குப் பின் பக்தவத்சலம் சொன்னதாகப் பரவலாக வழங்குவது, தமிழ்நாட்டில் விஷக் கிருமிகள் பரவிவிட்டன என்ற வாசகம். வாக்காளரைக் குறை கூறும் தொனி அதில் இருந்ததால், அவருடைய மூன்றரை ஆண்டு ஆட்சியைவிட அந்த ஒற்றை வாசகம் நீண்ட நாள் வாழ்கிறது.

மதிப்பீடுகள்

அவருக்காகப் பேசுபவர்கள் நிர்வாக நேர்மை, கோப்புகளில் தாமதமின்மை, மதுரைப் பல்கலைக்கழகம் (1966), டிட்கோ தொழில் வளர்ச்சிக் கழகம் (1965), அம்பத்தூர் தொழிற்பேட்டை, உயர்நிலைப் பள்ளி வரை விரிந்த கட்டணமில்லாக் கல்வி ஆகியவற்றைச் சொல்வர். இவற்றில் பல காமராஜர் காலத்தில் விதைத்தவை என்பது எதிர்வாதம். காமராஜருக்கும் அண்ணாதுரைக்கும் நடுவில் வந்தவருக்கு நல்லதெல்லாம் முன்னவர் கணக்கிலும், கெட்டதெல்லாம் தம் கணக்கிலும் எழுதப்பட்டது.

அரிசியில் அவர் மீது போட்ட பழியைப் பிந்தைய ஆட்சியின் அனுபவம் ஓரளவு இறக்கி வைத்தது. 1967-இல் தொடங்கிய படி அரிசித் திட்டம் சென்னை, கோவை நகரங்களோடு நின்றது. மூன்று படி வரவே இல்லை. மொழியில் அப்படி எந்தத் தணிப்பும் கிடைக்கவில்லை. ஆங்கிலம் தொடர்வதற்குச் சட்டப் பாதுகாப்பை நாடாளுமன்றம் 1967 டிசம்பரில் தந்தது. அடுத்த மாதமே, 1968 ஜனவரி 23-இல், இருமொழிக் கொள்கைத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1965-இல் முடியாது என்று சொல்லப்பட்டவை மூன்று ஆண்டுகளில் நடந்துவிட்டன.

பக்தவத்சலம் இதை ஏற்றுக்கொண்டவராகத் தெரியவில்லை. பிற்காலத்தில் இந்தி எதிர்ப்புக் கொள்கை பொருளற்றது என்று வாதிட்டு ஆங்கிலத்தில் தனி நூலே எழுதினார். கொரட்டூரில் ஒரு மகளிர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. கிண்டியில் ராஜாஜி, காமராஜர் நினைவிடங்களை ஒட்டி அவருக்கும் நினைவிடம் உண்டு. 1967-இல் அவருக்கு எதிராகக் கூட்டணி கட்டிய ராஜாஜிதான் அங்கே அண்டை வீட்டார்.